பதில் சொல்ல விருப்பமில்லை

ஓய்வுபெற்ற பிறகும் பழைய வேலைத்தலத்துப் பிள்ளைகள் என்னை மறக்கவில்லை. கோடை தொடங்கும்போது ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். இம்முறை, நான் விலகிய பிறகு வேலையில் சேர்ந்த கஸ்தூரி என்ற பிள்ளை கேட்டாள்: "அன்ரி, இத்தனை வருசமாய் ஆக்களிட்டைக் கேள்வி கேட்டிருக்கிறியள். எது உங்களுக்குச் சரியான கஷ்டமாய் இருந்தது?"

சவர்க்காரத்தின் வாசனை பற்றியோ நாய்ச் சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வேடிக்கைக் கதை வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கு நினைவு வந்ததோ ஒரு ஜனாதிபதியைப் பற்றிய கேள்வி. நாங்கள் வாக்குப் போடாத, எங்களை ஆளாத ஒரு ஜனாதிபதி. சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை தொலைபேசியில் மக்களின் கருத்தைக் கேட்டுப் பதிவது. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பழைய கட்டிடத்தின் நடுமாடி. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு கணினி, தலைக்கு ஒரு ஹெட்செற். கணினி தானாகவே ஏதாவது ஓர் எண்ணை அழைக்கும். மறுமுனையில் யார் எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. கனடா வீடுகளுக்கும் அழைப்போம், அமெரிக்க வீடுகளுக்கும் அழைப்போம்.

அதற்கு முன் ஒரு தையல் பட்டறையில் இருந்தேன். பட்டறை மூடப்பட்டபோது, ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒருவர் இந்த வேலையைப் பற்றிச் சொன்னார். ஆங்கிலம் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றார். மன்னாரில் கன்னியர்மடத்துப் பாடசாலையில் படித்த ஆங்கிலம் என்னிடம் இருந்தது. என் பெயர் ஸ்ரெல்லா. ஞானஸ்நானத்தில் வைத்த அந்தப் பெயர் அமெரிக்க வீடுகளில் யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை. உச்சரிப்பைக் கேட்டுத்தான் சிலர், "எங்கையிருந்து கதைக்கிறீர்?" என்பார்கள்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எழுதியிருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பதில் சொன்னவருக்கு "நல்லது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பதிலை நமக்குப் பிடித்த மாதிரிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இவ்வளவும் முதல் வாரத்தில் வாயால் படித்தது. காதால் படித்தது எல்லாம் மடாம் ஒடெத்திடம்.

மடாம் ஒடெத் எங்கள் சுப்பவைசர். மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில் பிறந்து வளர்ந்தவர். தோளில் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போர்த்தியிருப்பார். கைகளை அதற்குள் நுழைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் அழைப்புகளைத் தன் மேசையிலிருந்து ஒட்டுக் கேட்பது அவர் வேலையின் ஒரு பகுதி. பிழை விட்டால் அங்கிருந்து சத்தம் போடமாட்டார். அழைப்பு முடியும்வரை காத்திருந்து, எழுந்து வந்து, நம் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்துக் குந்திக்கொள்வார். அவர் கண் நம் கண்ணைவிடத் தாழ்வாக இருக்கும்.

"அந்த மனுசி என்ன சொன்னவ?" என்று கேட்பார்.

"வரி கூடிப்போச்சு எண்டு கோவப்பட்டவ."

"அது நீங்கள் விளங்கிக்கொண்டது. அவ என்ன சொன்னவ?"

அந்தப் பெண் சொன்ன சொற்களை அப்படியே ஒப்புவிக்கும்வரை எழும்பமாட்டார். ஒப்புவித்த பிறகுதான் நமக்கே புரியும், அந்தப் பெண் கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார் என்று. எங்கள் அறையில் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும். அவற்றை நான் வீட்டில் பேசும் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் விடைகள் வரிசையாக இருக்கும், விடைக்கு ஓர் எண். ஆம், இல்லை, தெரியாது. கடைசியில் இன்னொன்று: பதில் சொல்ல விருப்பமில்லை. அதற்கும் ஓர் எண். அந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னாரில் இராணுவச் சோதனைச் சாவடியில் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எங்கே போகிறாய், வீட்டில் யார் யார், தம்பி எங்கே. அங்கே பதில் சொல்லாமல் நிற்பதே குற்றம். இங்கே ஒருவர் வாயைத் திறக்காமல் இருந்தால், அதையும் மரியாதையோடு ஒரு பதிலாகப் பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்கள். இந்த நாட்டின்மேல் எனக்கு நன்றி பிறந்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஜனாதிபதி பற்றிய ஆய்வு வந்தது இரண்டாயிரத்துகளின் பிற்பகுதியில். அமெரிக்காவில் போர் பற்றிய வாதம் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த காலம். ஜனாதிபதியின் ஆலோசகர்கள் உள்ளே என்ன பேசினார்கள் என்று அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் கேட்டது. அது எங்களுக்குள் பேசியது, வெளியே சொல்லத் தேவையில்லை என்று ஜனாதிபதி பக்கம் மறுத்தது. அவரைப் பதவியிலிருந்து நீக்க விசாரணை வேண்டும் என்று சிலர் குரல் எழுப்பினார்கள். பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு நிறுவனம் எங்களை அமர்த்தியது.

முதல் கேள்வி எளிது. ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நீக்குவது பற்றிக் காங்கிரஸ் விசாரணை தொடங்க வேண்டுமா, வேண்டாமா? இரண்டாவதில்தான் எல்லோரும் இடறினார்கள். தமது ஆலோசகர்கள் காங்கிரசின் முன் சாட்சி சொல்வதை, நிறைவேற்றுச் சிறப்புரிமையின் பேரில் தடுக்க, ஜனாதிபதிக்கு உரிமை இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா, இல்லையா?

"அதென்ன சிறப்புரிமை?" என்பார்கள். விளக்கம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. கேள்வியைத் திரும்ப வாசிக்கலாம், அவ்வளவுதான். "உங்களுக்கு என்ன பொருள்படுதோ அதை வைச்சுச் சொல்லுங்கோ" என்று ஒரு வரி தந்திருந்தார்கள்.

அந்த வாரங்களில் நான் கேட்ட குரல்களை மறக்க முடியாது. ஒருவர் ஏணியில் நின்றபடி கூரை திருத்திக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கீழே இறங்கிவந்து, புல்லில் இருந்துகொண்டு பதில் சொல்லப்போகிறேன் என்றார். ஒரு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒவ்வொரு கேள்விக்கும் நீண்ட நேரம் யோசித்தார். ஒருவர், "எல்லாரையும் நீக்குங்கோ, காங்கிரசையும் சேர்த்து" என்றார். இன்னொருவர் ஜனாதிபதி மாளிகைதான் அழைக்கிறது என்று நினைத்து, தன் ஓய்வூதியம் பற்றிப் புகார் சொன்னார். நான் கனடாவிலிருந்து அழைப்பதாகச் சொன்னதும் ஒரு பெண், "அப்ப உனக்கென்ன அக்கறை?" என்றார். திரையில் அதற்கு விடை இல்லை. "உங்கடை கருத்திலைதான் அக்கறை, மேடம்" என்றேன். "சரி, கேள்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் மண்டபத்தில் அந்தோனிப்பிள்ளை அண்ணை என்னை விடமாட்டார். அரசியல் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். "பிள்ளை, அமெரிக்கன் என்ன சொல்லுறான்? ஆள் போவாரோ, இருப்பாரோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"நாள் முழுக்க அதைத்தானே கேக்கிறாய்."

"கேக்கிறதுதான் என்ரை வேலை. சொல்லுறதில்லை."

"எங்கடை நாட்டிலை ஒருத்தனும் எங்களை ரெலிபோன் எடுத்துக் கேக்கேல்லை" என்று சொல்லி, அவர் ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டு போனார். அது உண்மைதான்.

கஷ்டமான அழைப்புக்கு வருகிறேன்.

வீட்டில் யார் பதில் சொல்வது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, எடுத்தவரும் தீர்மானிப்பதில்லை. வளர்ந்தவர்களில் யாருடைய பிறந்தநாள் கடைசியாக வந்ததோ, அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அது மனைவி. கணவர் தொலைபேசியை எடுத்து, தானே அவருக்கும் சேர்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வீடு ஜனாதிபதியின் பக்கம், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். முதலில் அந்த வீட்டை அழைத்த எங்கள் அறைப் பெண்ணின் குறிப்பு அப்படி இருந்தது. மறுத்த வீடுகளுக்கு மறுபடி அழைக்கும் சிறு குழுவில் நான் இருந்ததால் அந்த எண் என்னிடம் வந்தது.

பகல் வேளையில் அழைத்தேன். மனைவியே எடுத்தார். நடுத்தர வயதுக் குரல். ஆய்வு என்றதும், "அவர் வேலைக்குப் போயிட்டார்" என்றார்.

"நான் உங்களோடைதான் கதைக்கவேணும், மேடம்."

"என்னோடையோ?"

"ஓம். உங்கடை வீட்டிலை நீங்கள்தான் தெரிவானவர்."

அவர் ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "நான் சொல்லுறது ஆருக்கும் தெரியவருமோ?"

"ஒருத்தருக்கும் தெரியவராது. உங்கடை பதிலும் உங்கடை எண்ணும் கணினியிலை பிரிஞ்சு போயிடும். சேர்த்துப் பார்க்கேலாது."

"உமக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டன்."

சிறப்புரிமைக் கேள்வியை அவர் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு மெல்ல, தனக்கே சொல்வதுபோல், "அப்ப, உள்ளை கதைச்சதை வெளியிலை சொல்லவேணுமோ எண்டதுதான் கேள்வி" என்றார். உங்களுக்கு என்ன பொருள்படுகிறதோ அதை வைத்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் பதில் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் சொன்னார். சொல்லும்போது சில விஷயங்களைக் கூடுதலாகவும் பேசினார். முடிவில் எல்லோருக்கும் தருவதுபோல எங்கள் இலவச இலக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மறுபக்கத்தில் கதவு திறக்கும் சத்தமும், "ஆர் ரெலிபோனிலை?" என்று ஓர் ஆண் குரலும் கேட்டன. அழைப்பு அறுந்தது.

அந்தப் பெண் என்ன பதில் சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கணவரின் கருத்தையே சொல்லியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த நாள் காலை அந்தக் கணவர் எங்கள் இலக்கத்துக்கு அழைத்தார். மனைவி என்ன சொன்னார் என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். மடாம் ஒடெத் மறுத்ததும் முகாமையாளரோடு பேச வேண்டும் என்றார். தன் மகன் போர்முனையில் நிற்கிறான், தன் வீட்டிலிருந்து அவனுடைய ஜனாதிபதிக்கு எதிராக ஒரு சொல் போனதா என்று அறியத் தனக்கு உரிமை இருக்கிறது, சொல்லாவிட்டால் சட்டத்தரணியிடமும் எங்களை அமர்த்திய நிறுவனத்திடமும் போவதாகச் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை. மகனை அனுப்பிவிட்டுத் தூங்காமல் இருக்கிற ஒரு தகப்பன்.

முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். மடாம் ஒடெத் கூப்பிடப்படவில்லை. தானாகவே எனக்குப் பின்னால் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார். முகாமையாளர் பயந்துபோயிருந்தார். அந்த ஆய்வு பெரிய ஆய்வு. அது கைவிட்டுப் போனால் அறையில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. எனக்கு அது நன்றாகவே தெரியும். என் கணவர் அருளப்பு டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. கையில் கொதியெண்ணெய் பட்டு அப்போது வீட்டில் இருந்தார்.

"ஸ்ரெல்லா, கணினியிலை பார்க்க வழியில்லை" என்றார் முகாமையாளர். "உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கு முழுக்க வேண்டாம். அந்தாளுக்குப் பிடிச்ச மாதிரித்தான் மனுசி சொன்னவ எண்டால், ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் அவரைச் சமாதானப்படுத்திவிடுறன். ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் இல்லை."

நியாயமான பேச்சுப் போலத்தான் இருந்தது. நான் மடாம் ஒடெத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முகாமையாளரிடம் அமைதியாகச் சொன்னார்: "பிடிச்ச பதிலெண்டால் சொல்லுவம், பிடிக்காத பதிலெண்டால் பேசாமல் இருப்பம் எண்டு வைச்சால், நாளைக்கு நாங்கள் பேசாமல் இருக்கிறதே ஒரு பதிலாய்ப் போகும். அண்டைக்கு அந்த வீட்டிலை இருக்கிற மனுசி என்ன செய்வா?"

"நான் உங்களைக் கேக்கேல்லை, ஒடெத்."

"தெரியும்."

முகாமையாளர் மறுபடி என் பக்கம் திரும்பினார். "இது கட்டளை இல்லை, ஸ்ரெல்லா. கேக்கிறன்."

சாவடியில் நின்ற பழைய ஸ்ரெல்லா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருப்பாள். அன்று நான் அந்த ஸ்ரெல்லா இல்லை. பக்கத்தில் அந்தச் சாம்பல் கம்பளிச் சட்டை இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"பதில் சொல்ல விருப்பமில்லை, சேர்" என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். கோபப்படவில்லை. "அப்ப நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ" என்று தொலைபேசியை மடாம் ஒடெத் பக்கம் தள்ளினார். அந்தக் கணவர் இணைப்பில் காத்திருந்தார்; மூவரும் கேட்கும்படி முகாமையாளர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, உங்கடை வீட்டிலை இருந்து ஆரும் எங்களோடை கதைச்சவையோ எண்டதையே என்னாலை சொல்லேலாது" என்றார் மடாம் ஒடெத். "நீங்கள் கதைச்சிருந்தால் அதை உங்கடை மனைவிக்கும் சொல்லமாட்டன். அவ அழுது கேட்டாலும் சொல்லமாட்டன்."

மறுமுனையில் அவர் சொன்னார்: "நான் அவவின்ரை புருசன்."

"ஓம் ஐயா. அப்ப நீங்கள் அவவைத்தான் கேக்கவேணும். எங்களை இல்லை. உங்கடை மகன் சுகமாய்த் திரும்பி வரவேணுமெண்டு நான் மன்றாடுறன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று நாங்கள் குடியிருந்த ரொக்ஸ்பரோவுக்கு ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது அருளப்பு ஒற்றைக் கையால் புட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். "முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. என்ன?"

"வேலை விசயம். சொல்லேலாது."

"வேலை போச்சோ?"

"தெரியாது. போனாலும் போகும்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். "சரி, சொல்லேலாதெண்டால் விடு. கையைக் கழுவிப்போட்டு வா, ஆறப்போகுது" என்றார். அதன் பிறகு அந்த விஷயம் பற்றி ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. நாற்பது வயதில் நான் எவ்வளவு நல்ல மனிதரோடு வாழ்கிறேன் என்று எனக்குக் காட்ட, எங்கோ ஓர் ஊரில் எனக்குத் தெரியாத ஒரு வீடு வேண்டியிருந்தது.

அடுத்த வாரத்து வேலை அட்டவணையில் என் பெயர் விடுபட்டிருந்தது. மடாம் ஒடெத் முகாமையாளரிடம் போய், ஸ்ரெல்லா வராத நாட்களில் தானும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வரவேற்பு மேசைப் பெண் சொன்னாள். வாரம் தொடங்குமுன் என் பெயர் திரும்ப வந்தது. எந்தச் சட்டத்தரணியும் எங்களைத் தேடி வரவில்லை. ஆய்வு போகவில்லை. முகாமையாளர் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. அதற்காக அவருக்கும் நன்றி சொல்வேன். மனம் வைத்திருந்தால் எங்கள் இருவரையும் அனுப்பியிருக்கலாம்.

நான் நன்றி சொன்னபோது மடாம் ஒடெத், "எனக்கென்னத்துக்கு? நான் கம்பெனியின்ரை வாக்கைக் காப்பாத்தினன். நீங்கள் உங்கடை வாக்கைக் காப்பாத்தினீங்கள்" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தப் போய்விட்டார்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆய்வு முடியும் தறுவாயில் ஒரு பகல், மடாம் ஒடெத் தன் மேசையிலிருந்து ஓர் அழைப்பை எனக்கு மாற்றினார். "ஸ்ரெல்லா எண்ட ஆள்தான் வேணுமாம்."

குரல் உடனே தெரிந்தது.

"என்னை ஞாபகமிருக்கோ?"

"மேடம், ஆராவது எங்களோடை கதைச்சவையோ எண்டதை நான் சொல்லேலாது."

"எனக்குமோ?"

"உங்களுக்குந்தான்."

அவர் சிரித்தார். முன்பு பேசியபோது அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. "அப்ப நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் சொல்லுறன், கேளும். அவர் உங்களிட்டைக் கேட்டுப்போட்டு வந்து பேசாமல் இருந்தவர். எத்தினையோ நாள். எனக்குச் சகிக்கேல்லை. சாப்பாட்டு மேசையிலை வைச்சு நானே எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். நீர் கேட்ட கேள்வி ஒவ்வொண்டையும் சொல்லி, என்ரை பதிலையும் சொன்னன்."

நான் ஹெட்செற்றைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அவர் எழும்பிப் போயிட்டார். வெளியிலை போய்க் காருக்குள்ளை இருந்தவர். நான் பாத்திரம் கழுவி முடிச்சுப்போட்டன். பேந்து வந்து, அதே கதிரையிலை இருந்து, 'நீ ஏன் அப்பிடி நினைக்கிறாய்?' எண்டு கேட்டார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்கு, அவர் என்னைப் பார்த்து அப்பிடி ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தரம். விடியமட்டும் கதைச்சம். மகனைப் பற்றித்தான் கூட. ஒத்துக்கொள்ளேல்லை, ரெண்டு பேரும். எண்டாலும் கதைச்சம்."

"மேடம்," என்றேன்.

"இதை நீர் ஆருக்கும் சொல்லலாம். இது உங்கடை ஆய்வு இல்லைத்தானே" என்று சொல்லி அவர் விடைபெற்றார்.

கணினி அடுத்த எண்ணைத் தேடத் தொடங்கியது. இப்போது என்னால் வாசிக்க முடியாது என்று நான் கையை உயர்த்தினேன். மடாம் ஒடெத் வந்து என் முகத்தைப் பார்த்தார். என் தலையிலிருந்த ஹெட்செற்றை மெதுவாகக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, என்னை எழுப்பிவிட்டு, என் கதிரையில் இருந்து, அடுத்த வீட்டில் எடுத்தவரிடம் தன் பிரெஞ்சு வாடை வீசும் ஆங்கிலத்தில் கேள்வியை வாசிக்கத் தொடங்கினார்.